கருவிக்கு முத்திரை

அவன் செருப்பைக் கழற்றக் குனிந்தபோதே சட்டைப்பையில் செல்போன் துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டேன். கழுத்தில் தொங்கும் அட்டை, கையில் டிவி ரிமோட் அளவுக்கு ஒரு கருவி. வீட்டுக்குள் ஓடும் மின்காந்த அலையை அளக்க வந்த ஆளாம். தூக்கம் சரியாக வரவில்லை, தலை பாரமாக இருக்கிறது என்று போன வாரம் வாயைத் திறந்திருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு மகன் கூப்பிட்ட ஆள்.

கூடத்தில் அளந்தான். சமையலறை, மகன் அறை, குளியலறையை ஒட்டிய பின்னறை, எல்லா இடத்திலும் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தான். கருவி வாயைத் திறக்கவில்லை. தெருவைப் பார்த்த என் அறைக்கு வந்ததும் முழங்கை மடங்கியது, கருவி நெஞ்சோடு ஒட்டியது. கீ கீ என்று ஒரே கூச்சல்.

"பாத்தீங்களா சார். அம்மா கட்டில் மேலயே கொட்டுது."

"அதான் தூக்கமே இல்ல பாவம்" என்றாள் மருமகள். தராசு, படிக்கல் எல்லாம் சோதித்து முத்திரை போடும் அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் இருந்தவள் நான். தட்டில் விரலை வைத்து அழுத்துகிறவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இவன் முகம் அதேதான்.

"தம்பி, இதைக் கடைசியா எப்ப சோதிச்சாங்க?"

கழுத்து அட்டையைத் தூக்கிக் காட்டினான். "நான் சர்ட்டிபிகேட் வாங்கினவன்மா."

"உன்னைக் கேக்கல. கருவியைக் கேக்கறேன்."

"அது புதுசுதாம்மா. வித்த கம்பெனியே ரெண்டு நாள் கிளாஸ் எடுத்து, சர்ட்டிபிகேட்டும் குடுத்தாங்க."

"கத்திரிக்கா வித்தவனே தராசுக்கும் முத்திரை போட்ட மாதிரி."

மகன் பல்லைக் கடித்தான். "அம்மா, அவர் வேலையை அவர் பாக்கட்டும்."

"பாக்கட்டும். பாக்கெட்ல இருக்கற போனை மட்டும் வாசல்ல வச்சுட்டு வந்து பாக்கட்டும்."

அவன் மகனைப் பார்த்தான். மகன் தரையைப் பார்த்தான். வேறு வழியில்லாமல் போனை வெளியே வைத்துவிட்டு வந்து என் கட்டிலருகே நின்றான். கருவி கப்சிப். பின்னறைக்கு அழைத்துப்போய், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் தண்ணீர் மோட்டாரின் சுவிட்சை நானே போட்டேன். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது, சுவரெல்லாம் ஓதம். கருவி அலறிய அலறலில் மருமகள் காதைப் பொத்திக்கொண்டாள்.

மூவரும் கொஞ்சம் வெட்கப்படுவார்கள் என்று நினைத்தேன். அந்த நப்பாசை எனக்கு இருந்தது.

"மோட்டார் என்ன, நாள் பூராவா ஓடுது?" என்றான் மகன்.

"ஆமாத்தை. எதுக்கும் ஒரு சேஃப்டிக்குத்தானே."

அளக்க வந்தவனுக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. தரையில் உட்கார்ந்து கோப்பைப் பிரித்து எழுதத் தொடங்கினான். மேலே இருந்த தாள் வீட்டின் வரைபடம். இவர்களே முன்பே போட்டு அவனிடம் கொடுத்திருக்கிறார்கள். மருமகளின் குண்டு குண்டான கையெழுத்து, மளிகைச் சீட்டில் தினமும் பார்ப்பதுதான். தெருப்பக்கத்து என் ஜன்னல் அறைக்குள் 'ஆபீஸ்' என்று இருந்தது. பின்னறைக்குள் 'அத்தை'. பக்கத்தில் கட்டிலுக்கு ஒரு சின்னக் கட்டம்கூடப் போட்டிருந்தாள், தலைமாடு மோட்டார் பக்கம்.

அறை வேண்டும் என்று நேரே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், இப்படிக் குமட்டியிருக்காது.

என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுத் தையல்காரி யாரிடமோ, "அளவு குடுத்தா ஒழுங்கா குடு, அப்புறம் இறுக்கிப் பிடிக்குதுன்னு வந்து நிக்காத" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தக் குரல்கள்தான் எனக்குப் பகல் முழுக்கத் துணை.

மகன் உள்ளே வந்தான். கால்மாட்டுப் பக்கம் குனிந்து கட்டிலைப் பிடித்தான்.

"அம்மா, கொஞ்சம் எழுந்திரு."

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவன் தூக்கினான். கட்டிலின் ஒரு பக்கம் ஒரு சாண் உயர்ந்து, நான் உட்கார்ந்திருந்த பக்கம் அசையாமல், அப்படியே நின்றது. பின்னறைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிய மோட்டாரை யாரும் இன்னும் நிறுத்தவில்லை.