மதினி வாங்கித் தந்த சாமான்

புருசனின் தங்கை நஸ்லா கொண்டுவந்து வைத்த பீங்கான் செட்டிலிருந்து ஒன்றை எடுத்து, றுகையா விரல் கணுவால் தட்டிப் பார்த்தாள். நல்ல பீங்கான் என்றால் மணிபோலக் கேட்கும். இது மண்சட்டியைத் தட்டியதுபோல ‘டொக்’ என்றது. இன்னொன்றைத் தட்டினாள். அதுவும் டொக். பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். ஒருதரம் கிழித்துவிட்டு அதற்கு மேலேயே மறுபடி ஒட்டிய டேப் தெரிந்தது.

“எப்பிடி மதினி, நல்லாரிக்கா?” என்று கேட்டாள் நஸ்லா. விசிறிக்குக் கீழே கால் நீட்டி இருந்தாள். “கல்முனைக் கடையெல்லாம் ஏறி இறங்கி காலு ரெண்டும் போச்சி. நம்மட றிபாட கலியாணமெண்டதால செஞ்சன். வேற ஆருக்கும் செய்யமாட்டன்.”

“நல்லாரிக்கி மதினி. அல்லாஹ் ஒங்களுக்குக் கூலி தருவான்,” என்றாள் றுகையா.

கூலி தருவான் என்பதில் றுகையாவுக்குச் சந்தேகமே இல்லை. எப்போது தருவான் என்பதில்தான் அவளுக்குப் பொறுமை இல்லாமல் இருந்தது.

சாய்ந்தமருதில் றுகையாவைத் தெரியாத சாமான் கடைக்காரர் கிடையாது. ஒரு பெட்சீட் வாங்க ஐந்து கடை ஏறுவாள். ஐந்தாவது கடையில் கேட்ட விலையை முதலாவது கடையில் சொல்லி, அதற்கும் கீழே இறக்கி வாங்குவாள். நோன்பு மாதத்தில் எந்த முதலாளி போன வருசத்துத் திரைச்சீலையைப் புது உறைக்குள் போட்டு வைப்பார் என்பது அவளுக்கு மனப்பாடம். அவள் வாசலில் செருப்பைக் கழற்றினால் முதலாளிமார் பழைய சாமானை உள்ளே தள்ளிவிடுவார்கள்.

அப்பேர்ப்பட்டவளைத்தான் விதி வீட்டுக்குள் இருத்திவிட்டது. தோணி எஞ்சின் திருத்துகிற அவளுடைய புருசன் பக்கீர், வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து மவுத்தாகிப்போனார். புருசன் மவுத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கிற இத்தாவில் றுகையா இருந்தாள். இத்தா முடியும்வரை வாசல் தாண்டக் கூடாது. மகள் றிபாவின் கலியாணமோ முன்னமே பேசி முடித்தது. மாப்பிள்ளை சுபியானுக்குக் கட்டாரில் வேலை. லீவு முடிவதற்குள் நிக்காஹ் நடந்தாக வேண்டும். பெண்ணுக்கு வீடு கொடுக்கிற ஊர் இது. வீடு இருந்தது, வீட்டுக்குள்ளேதான் ஒன்றும் இல்லை. நிக்காஹுக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வீடு பார்க்க வருவார்கள். திரைச்சீலையைப் பிடித்துப் பார்ப்பார்கள், மெத்தையை அமுக்கிப் பார்ப்பார்கள். அன்றைக்கு அவர்கள் வாயிலிருந்து விழுகிற ஒரு சொல்லை றிபா கிழவியாகும்வரை கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த நேரம்தான் பக்கீரின் தங்கை நஸ்லா, “நான் இரிக்கன் மதினி, நீங்க என்னத்துக்கு யோசிக்கிற?” என்று முன்வந்தாள். பக்கீரின் மோட்டார் சைக்கிளையும் எஞ்சின் திருத்துகிற ஆயுதப் பெட்டியையும் விற்ற காசில் பாதிக்கு மேலே அவள் கையில் கொடுத்தாயிற்று. அந்தக் காசில் வந்தவைதான் இந்தச் செத்த பீங்கானும், ஒரு தண்ணீர் கண்டால் சாயம் விடுகிற திரைச்சீலையும், உட்கார்ந்தால் நடுவில் குழி விழுகிற மெத்தையும்.

ஏமாந்திருப்பாள் மதினி, கடைக்காரன் தலையில் கட்டியிருப்பான் என்றுதான் றுகையா முதலில் நினைத்தாள். அந்த நல்ல நினைப்பு அஸர் தொழுகைக்குப் பிறகு போனைத் திறக்கும்வரைதான் இருந்தது. நஸ்லாவின் மகள் சப்னா வட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டிருந்தாள். சப்னாவுக்கும் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். படத்தில் அதே பூப்போட்ட பீங்கான் செட், அதே நிறத் திரைச்சீலை. ஆனால் அந்தச் சீலை கனத்து மடிப்பு மடிப்பாக விழுந்தது. பீங்கானின் விளிம்பு பளிச்சென்று இருந்தது. “என்ட வீட்டுக்கு உம்மா வாங்கின” என்று பிள்ளை சந்தோசமாக எழுதியிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஸ்டேட்டஸ் காணாமல் போய்விட்டது.

விசயம் விளங்கிவிட்டது. ஒரே மாதிரியில் முதல்தரம் ஒன்று, கழித்துப்போட்டது ஒன்று என்று இரண்டு வாங்கியிருக்கிறாள். முதல்தரம் அவளுடைய மகளுக்கு, கழித்துப்போட்டது அண்ணன் மகளுக்கு. இரண்டுக்கும் காசு பக்கீருடையது. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது.

“உம்மா, இப்பவே மாமிக்குக் கோல் எடுத்துக் கேப்பம்,” என்றாள் றிபா.

“என்னத்தக் கேக்கிற? அவ நெஞ்சிலடிச்சி அழுவா. மவுத்தான மனுசன்ட தங்கச்சிய றுகையா கள்ளியெண்டு செல்லிட்டாளெண்டு ஊரு கதைக்கும். கலியாண வீடு ரெண்டாப் போகும். நீ வாயப் பொத்திக்கிட்டிரி. போன சார்ஜில போடு.”

வாசல் தாண்டத்தானே கூடாது. போனில் கடைக்குப் போகக் கூடாதென்று ஒருவரும் சொல்லவில்லையே. அன்றிலிருந்து றுகையா ஒன்லைனில் ஏறி இறங்கத் தொடங்கினாள், கல்முனை பஸாரில் ஏறி இறங்கிய அதே குணத்தோடு. விற்கிறவன் போட்ட படத்தை அவள் ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள். வாங்கினவர்கள் குசினியிலும் கட்டிலிலும் வைத்து எடுத்த படத்தைத்தான் பெரிதாக்கிப் பார்ப்பாள். புகழ்ந்து எழுதினதை விட்டுவிட்டு ஏசி எழுதினதை முதலில் வாசிப்பாள். ‘சாமான் பிந்தி வந்தது’ என்று ஏசியிருந்தால் மன்னிப்பாள், ‘சாயம் போனது’ என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுவாள். கூடைக்குள் போட்டுவிட்டு வாங்காமல் காத்திருப்பாள். விலைக்கழிவு நாள் வரும், அன்றைக்கு வாங்குவாள். கழிவு என்று சொல்லிக்கொண்டு முதல் நாள் விலையை ஏற்றி வைத்தவர்களையும் அவளுக்குத் தெரியும், ஏனென்றால் பழைய விலைகளையெல்லாம் படம் எடுத்து வைத்திருந்தாள்.

பெட்சீட்டுக்கு ஒன்லைனே வேண்டாம் என்று விட்டாள். மருதமுனையில் தறி வைத்திருக்கும் வீடொன்றுக்கு வீடியோ கோல் எடுத்து, துணியை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடிக்கச் சொல்லி, நூல் நெருக்கம் பார்த்து, கடைக்குப் போகிற விலைக்கே வாங்கினாள். பீங்கான் விற்கிற கொழும்புக்காரனிடம் அவள் கேட்டது இன்னும் வேடிக்கை.

“தம்பி, ஒவ்வொரு பீங்கானா கரண்டியால தட்டி வொய்ஸ் அனுப்புங்க.”

அவன் சிரித்திருப்பான். ஆனாலும் அனுப்பினான். றுகையா கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். ஒன்றை மட்டும் மாற்றச் சொன்னாள். அதை எடுத்துப் பார்த்தபோது கீழே மயிர்போல ஒரு வெடிப்பு இருந்ததாம். அதற்குப் பிறகு அவன் அவளை ‘மெடம்’ என்று கூப்பிடத் தொடங்கினான்.

கூரியர்காரர் கேற்றில் வைத்துவிட்டுப் போவார், றிபா எடுத்துவருவாள். மெத்தை, திரைச்சீலை, பீங்கான், மேசை விரிப்பு, கண்ணாடி எல்லாம் மிஞ்சிய காசுக்குள்ளே வந்து சேர்ந்தன. நஸ்லா வருகிற நேரத்தில் அந்த அறைகள் பூட்டியிருக்கும். “அறை காயட்டும் மதினி, பெயின்ட் மணம்,” என்பாள் றுகையா.

வீடு பார்க்கிற நாள் வந்தது. மாப்பிள்ளையின் உம்மா மாஜிதா நாலைந்து பெண்களோடு வந்து இறங்கினாள். மாஜிதா வாய் திறந்தால் ஊர் கேட்கும். அதோடு, நஸ்லாவின் மகள் சப்னாவுக்குப் பேசுகிற மாப்பிள்ளை மாஜிதாவின் தங்கை மகன்தான். அதனால் நஸ்லா அவளுக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றாள்.

“நான்தான் கா இந்த வீட்டுக்கு எல்லாச் சாமானும் வாங்கின. மதினி இத்தாதானே, ஆரு இரிக்கா? ஒண்டொண்டாப் பாத்துப் பாத்து வாங்கின,” என்று கதவு திறக்குமுன்னமே தொடங்கிவிட்டாள்.

நுணலும் தன் வாயால் கெடும். றுகையா கதவைத் திறந்தாள்.

நஸ்லா உள்ளே ஓர் அடி வைத்து அப்படியே நின்றுவிட்டாள். அவள் வாங்கின திரைச்சீலை இல்லை, மெத்தை இல்லை, பீங்கான் இல்லை. எல்லாமே வேறு, எல்லாமே திறம். மாஜிதா மெத்தையை அமுக்கினாள், அது கையைத் திருப்பித் தள்ளியது. பெட்சீட்டைத் தடவினாள். பீங்கானைத் தட்டினாள், வீடு முழுக்கக் கேட்டது.

“மாஷா அல்லாஹ்,” என்றாள் மாஜிதா. “எங்கட சனத்தில இப்பிடி ஒருத்தரும் பாத்துச் செய்யல்ல.”

“எல்லாம் மதினிட கைராசி,” என்றாள் றுகையா. “நான் இதில ஒண்டும் இல்ல.”

அந்த நேரம் றிபா சூடான பால்சோற்றுச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். சட்டியைப் பிடித்திருந்த கைத்துணியைப் பார்த்ததும் நஸ்லாவின் முகம் வெளிறியது. அவள் வாங்கிக் கொடுத்த திரைச்சீலையைத்தான் சதுரம் சதுரமாக வெட்டிக் கைத்துணி தைத்திருந்தார்கள். றுகையா நேராக அவள் கண்ணைப் பார்த்தாள். கள்ளனுக்குத் தேள் கொட்டினதுபோல நஸ்லா விழுங்கிக்கொண்டாள்.

“என்ன விலை போச்சி?” என்று மாஜிதா கேட்டாள்.

இந்தக் கேள்விக்குத்தான் றுகையா இத்தனை நாளும் காத்திருந்தாள். ஒவ்வொரு சாமானாகத் தொட்டு விலை சொன்னாள். ஒரு சதம் கூட்டவில்லை, குறைக்கவில்லை, உண்மை விலை. வந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்முனைக் கடை விலையில் பாதி.

மாஜிதா நஸ்லாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “நஸ்லா, எங்கட கடைசி மகள்ட வீட்டுக்கும் நீங்கதான் வாங்கித் தரணும். இதே சாமான், இதே விலை. நாளைக்கே காசு அனுப்புறன். ஏலாதெண்டு செல்லக் கூடா. சப்னாவையும் எங்கட வீட்டுப் புள்ளையாத்தானே நினைக்கம்.”

“ஓம்… இன்ஷா அல்லாஹ்,” என்றாள் நஸ்லா.

றுகையாவுக்கு அன்றைக்குப் பால்சோறு இனித்ததுபோல வாழ்க்கையில் எதுவும் இனித்ததில்லை. பழி வாங்குவது நல்ல குணமில்லை என்று ஹஸரத்மார் சொல்லுவார்கள். சொல்லட்டும், அவர்களுடைய மதினிமார் நல்லவர்களாக இருப்பார்கள்.

கொஞ்ச நாள் நஸ்லா கல்முனைக் கடைகளில் ஏறி இறங்கினாள், இந்தமுறை உண்மையாகவே. பிறகு ஒரு பகல் நேரம் றுகையாவின் வீட்டுக்கு வந்து, விசிறியும் போடச் சொல்லாமல் கதிரை நுனியில் இருந்தாள்.

“மதினி, அந்தச் சாமான் எங்க வாங்கின? மாஜிதா ஒவ்வொரு நாளும் கோல் எடுக்கா. அந்த விலைக்கு எங்கயும் இல்ல.”

“நான் எங்க கா போன? இத்தாவில இரிக்கிற பொம்புள. நீங்க வாங்கினதெண்டு நீங்கதானே ஊருக்கே செல்லின.”

“மதினி, மானத்த வாங்காதீங்க. ஒரு நம்பர் தாங்க, போதும்.”

“என்னட்ட ஒரு நம்பரும் இல்ல.”

நஸ்லா அழத் தொடங்கினாள். “இல்லாட்டி சப்னாக்கு எடுத்து வச்ச சாமானத்தான் அவக்குக் குடுக்கணும். அதுவும் அரைவாசி விலைக்கு. என்ட புள்ளைக்கு நான் எங்க போற?”

“அது எந்தக் காசில எடுத்து வச்ச சாமான் மதினி?”

நஸ்லாவின் அழுகை சட்டென்று நின்றது. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு எழும்பினாள். றுகையா தடுக்கவில்லை.

மறுநாள் ஒரு த்ரீவீல் பூப்போட்ட பீங்கான் பெட்டிகளையும் திரைச்சீலைக் கட்டையும் ஏற்றிக்கொண்டு மாஜிதாவின் வீட்டுப் பக்கம் போனது. றிபா யன்னலுக்குள்ளால் பார்த்துவிட்டு வந்து உம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

“பாவம் உம்மா, சப்னாட சாமான். வாப்பா இருந்தா மாமிய மன்னிச்சி விட்டிருப்பாரு.”

றுகையா யன்னலைச் சாத்தினாள். பிறகு, “வாப்பா இருந்தா அவ இந்தக் காசில கையே வச்சிருக்கமாட்டா,” என்றாள்.