குணவதி வீட்டுக்கு வந்த மலை

ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் இராஜரட்ணம், குணவதி தம்பதியினரின் வீட்டுக்கு மலை வந்து சேர்ந்தது செப்ரெம்பர் மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை. அன்று குப்பை எடுக்கிற நாள் என்பதால் தெருவில் எல்லோருக்கும் திகதி நன்றாக நினைவிருக்கிறது. குப்பை லொறி ஏழரைக்கு வந்து போனது, மலை எட்டேகாலுக்கு வந்தது. மேற்கிலிருந்து 401 நெடுஞ்சாலை வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். அன்று காலை வானொலியில் நெடுஞ்சாலை முழுவதும் வாகனங்கள் ஊர்வதாகச் சொன்னார்கள், ஆனால் முன்னால் ஒரு மலை போகிறது என்று அந்த நெரிசலில் நின்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. 401 எந்தக் காலையும் அப்படித்தான் இருக்கும். வந்த மலை, சனம் நிறைந்த கலியாண வீட்டில் பிந்தி வந்தவர் ஒடுங்கி இருப்பதுபோலத் தன் அடியைச் சுருக்கிக்கொண்டு டிரைவ்வேயின் வாசலில் இருந்தது. உயரத்தை மட்டும் அதனால் குறைக்க முடியவில்லை. மலைக்கும் வீட்டுக்கும் நடுவில் இராஜரட்ணத்தின் பிக்கப்பும், அது இழுத்துவந்த பதினெட்டு அடி ட்ரெயிலரும் அகப்பட்டுக்கொண்டன.

குணவதி ஆச்சரியப்படவில்லை. மலையை அழைத்தவள் அவள்தான். முப்பத்திரண்டு வருடமாகக் கனடாவில் இருந்தும், இந்தக் கோடைவரை அவள் கண்ட கனடா இந்த வீடு, ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறை, நயாகரா, அவ்வளவுதான். நயாகராவை நாற்பத்தொரு தரம் பார்த்திருக்கிறாள். லண்டனிலிருந்தோ பாரிசிலிருந்தோ யார் வந்தாலும் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டத்தானே வேண்டும். நாற்பத்தொரு தரத்திலும், வந்தவர்களைப் படம் எடுத்து, சாப்பிடக் கொண்டுபோன ரோல்ஸ் பெட்டியைத் திறந்து, பிள்ளைகளை எண்ணிச் சரிபார்த்து அவள் அருவிப் பக்கம் திரும்பும்போது, "நேரம் போகுது, வெளிக்கிடுவம்" என்பார் இராஜரட்ணம். ஒரு இடத்தைப் போதும் என்று தோன்றும்வரை இருந்து பார்க்க வேண்டும், எழும்பு என்று ஒருவரும் சொல்லக் கூடாது. அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். வெளியில் சொன்னால் இவளுக்கு என்ன பிடித்துவிட்டது என்று கேட்பார்களே என்று சொல்லாமல் வைத்திருந்தாள்.

இராஜரட்ணத்தின் ஆசை வேறு. ரெக்ஸ்டேலில் கார்களுக்குப் பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கிற தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் நின்று வேலைசெய்து அவர் ஓய்வுபெற்ற அதே கிழமை, குணவதியின் தமையன் அருள்நாயகம் ஒஷாவாவில் மூன்று கார் விடக்கூடிய கராஜுடன் வீடு வாங்கினார். வீட்டுக்கு வீடு போட்டிபோட வசதியில்லாத இராஜரட்ணம், வீட்டையே இழுத்துக்கொண்டு போவது என்று முடிவெடுத்தார். முதலில் பிக்கப் வந்தது. கோயில் வாகனத் தரிப்பிடத்தில் அது இரண்டு காரின் இடத்தைப் பிடித்தது. தேரன்று சுவாமிக்கு அடுத்தபடியாகச் சனம் அதைத்தான் சுற்றி வந்தது. பிறகு கட்டிலும் அடுப்பும் குளியலறையும் உள்ள ட்ரெயிலர் வந்தது. மேற்கே போய் நஷனல் பார்க் ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டு வரப்போவதாக இராஜரட்ணம் அறிவித்தார். அருள்நாயகத்துக்கு மட்டும் மூன்று தரம் தொலைபேசியில் அறிவித்தார்.

அறிவித்தால் பார்சல் வரும். யாராவது எங்கேயாவது போகிறார்கள் என்றால் அங்குள்ள சொந்தக்காரருக்கு ஏதாவது கொடுத்துவிடாமல் எங்கள் சனத்துக்குக் கை அடங்காது. வினிபெக் தங்கச்சிக்கு வறுத்த மிளகாய்த்தூள், கல்கரி மச்சானுக்குப் பனங்கிழங்கு ஒடியல்மா, எட்மன்டனில் பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குத்தூள் என்று முப்பத்தெட்டுப் பொதிகள் சேர்ந்தன. குளியலறை முழுக்க மிளகாய்த்தூள் ஆகிவிட்டதால் குளிக்க முடியவில்லை. வினிபெக்கில் ஒன்பது பொதியை இறக்கி, கல்கரிக்கு என்று பதினான்கு பொதியை ஏற்றினார்கள். அதற்கு முதல், சுப்பீரியர் ஏரிப் பக்கம் லொறிகள் தரிக்கிற இடமொன்றில் இரவு தங்கியபோது ஒரு கரடி ட்ரெயிலர் கதவை முகர்ந்து பார்த்து, பதினொரு தரம் தும்மி, கடைசித் தும்மலோடு "ஐயோ அம்மா" என்று தெளிவாகச் சொல்லிவிட்டுக் காட்டுக்குள் போனது. அதன் உச்சரிப்பு யாழ்ப்பாணத்து உச்சரிப்பு என்று இராஜரட்ணம் அருள்நாயகத்துக்கு வட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார்.

ஒரேயொரு சிக்கல் இருந்தது. இராஜரட்ணத்துக்கு ட்ரெயிலரைப் பின்னுக்கு எடுக்கத் தெரியாது. ட்ரெயிலர் பூட்டிய வாகனத்தைப் பின்னுக்கு எடுக்கும்போது ஸ்டியரிங்கை ஒரு பக்கம் வெட்டினால் ட்ரெயிலர் மறுபக்கம் போகும். விற்றவர் அதைக் காட்டித்தர வந்தபோது, "உது எனக்குத் தெரியும்" என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டார். ஆகவே கனடா முழுவதும் அவர்கள் முன்னுக்கு மட்டுமே போனார்கள். ஏரிகள் வந்தன, ஏரிகள் போயின. மான் கூட்டம் ஒன்று நின்று பார்த்துவிட்டு, இவர்கள் நிற்கப்போவதில்லை என்று தெரிந்ததும் மேயத் தொடங்கியது.

"இஞ்சாருங்கோ, உந்த ஏரியடியில ஒருக்கா நிப்பாட்டுங்கோவன்" என்பாள் குணவதி.

"நிப்பாட்டினா பின்னுக்கெல்லோ எடுக்கோணும். போற போக்கில பாரும்."

போகிற போக்கில் அவள் ஐந்து நஷனல் பார்க்குகளைப் பார்த்தாள். யன்னல் கண்ணாடியில் நெற்றி முட்டிய தடம் மட்டும் மிஞ்சியது.

அல்பேர்ட்டாவில், பான்ஃபைத் தாண்டி ஜாஸ்பருக்குப் போகிற வழியில், பெற்றோல் நிலையம் என்று நினைத்து இராஜரட்ணம் ஒரு சின்னத் தரிப்பிடத்துக்குள் திரும்பினார். பிக்கப்பின் மூக்கு ஒரு தடுப்புக் கம்பியில் முட்டி நின்றது. கம்பிக்கு அப்பால் பள்ளம், பள்ளத்துக்கு அப்பால் மலை. மலையின் பெயர்ப்பலகையை ட்ரெயிலர் மறைத்துக்கொண்டு நின்றதால் அதன் பெயர் இன்றுவரை அவர்களுக்குத் தெரியாது. ஜேர்மன்காரர் இருவர், ஒரு பஞ்சாபிக் குடும்பம், சைக்கிளில் வந்த ஒரு பாதிரியார் என்று எல்லோரும் கைகாட்டி உதவினார்கள். ட்ரெயிலர் ஒவ்வொரு முறையும் மற்றப் பக்கம் போனது. நான்கு மணித்தியாலமும் இருபது நிமிடமும் இப்படியே கழிந்தது.

அந்த நான்கு மணித்தியாலமும் குணவதியின் வாழ்நாளில் அவளுக்கென்று கிடைத்தவை. மடக்குக் கதிரையை விரித்து, பிளாஸ்கில் இருந்த தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு மலையைப் பார்த்தாள். முதல் மணித்தியாலம் அழுகை வந்தது, ஏன் என்று தெரியவில்லை. இரண்டாவது மணித்தியாலத்தில் மலையும் தன்னைப் பார்ப்பது தெரிந்தது. சலவை அறையில் செத்துப்போனவர்களின் உடுப்புகளையும் தோய்த்து, மடித்து, பெயர் எழுதிய தட்டில் வைத்துவிட்டு, பிறகு யாரும் எடுக்க வராததைப் பற்றி அவள் மலைக்குச் சொன்னாள். வீட்டில் ஒருவருக்கும் அவள் அதைச் சொன்னதில்லை. மலை கேட்டுக்கொண்டிருந்தது. கேட்டதற்கு அடையாளமாகச் சின்னக் கல் ஒன்றை உருட்டிவிட்டது.

கடைசியில் பூங்கா ஊழியரான ஒரு பெண் வந்து, ஒன்றரை நிமிடத்தில் ட்ரெயிலரைப் பின்னுக்கு எடுத்துக் கொடுத்தாள். "ஏறும், ஏறும், நேரம் போகுது" என்றார் இராஜரட்ணம். ஒருவரிடம் இவ்வளவு நேரம் இருந்துவிட்டுப் பேசாமல் எழும்பி வர குணவதிக்கு மனம் வரவில்லை. "அப்ப போட்டு வாறன். ரொறன்ரோப் பக்கம் வந்தியளெண்டால் கட்டாயம் வீட்டை வரவேணும்" என்று சொல்லி, விலாசத்தையும் சொன்னாள். எங்கள் சனம் இதை எல்லோருக்கும் சொல்லும், கேட்கிறவர்களும் தலையாட்டிவிட்டு வராமல் இருப்பார்கள். மலைக்கு அந்த வழக்கம் தெரிந்திருக்கவில்லை.

மலை வந்த மூன்றாம் நாள் நகரசபையிலிருந்து மெலிசா என்ற அதிகாரி அளவு நாடாவுடன் வந்தாள். வேலி எவ்வளவு உயரம் இருக்கலாம், கொட்டகை எவ்வளவு, ட்ரெயிலர் எத்தனை நாள் நிற்கலாம் என்பதெல்லாம் அவள் கோப்பில் இருந்தது. மலைக்கு ஒன்றும் இல்லை. கடைசியில் படிவத்தில் 'விருந்தாளி' என்று எழுதி, அழைத்தவரே அனுப்பிவைக்க வேண்டும் என்று குறித்துவிட்டுப் போனாள். பக்கத்து வீட்டு மரியோ, தன் தக்காளிச் செடிகளுக்குப் பத்து மணி வெயில் ஒரு மணிக்குத்தான் வருகிறது என்று முறையிட்டார். வீட்டுத் தரகர் ஒருவர் தெருவில் இருந்த எல்லா வீட்டுக்கும் 'மலைக் காட்சி' என்று துண்டுப்பிரசுரம் அடித்தார். அல்பேர்ட்டாவில் மலை இருந்த இடத்தில் ஒரு வெறும் வெளி இருக்கிறதாம், சுற்றுலாப் பயணிகள் அதையும் படம் எடுக்கிறார்களாம். அருள்நாயகம் ஒஷாவாவிலிருந்து வந்து, கழுத்து நோகும்வரை நிமிர்ந்து பார்த்து, "எத்தினை அடி வரும்?" என்று கேட்டார். பிறகு ஒருவரும் இல்லாத நேரம் பின்பக்கமாகப் போய், "எங்கட வளவு பெரிசு, தாராளமா இருக்கலாம்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிப் பார்த்தார். மலை இருந்த இடத்திலேயே இருந்தது.

இராஜரட்ணத்துக்குத்தான் நெஞ்சு வெந்தது. அடுத்த கோடைக்கு நியூஃபவுண்ட்லாந்து போவதாக அவர் ஏற்கெனவே அறிவித்திருந்தார். பிக்கப்போ அரையடிகூட அசைய வழியில்லாமல் நின்றது.

"நீர்தானே கூப்பிட்டனீர். நீரே போகச் சொல்லும்" என்றார்.

"அம்மா, ஜஸ்ட் ஒருக்கா சொல்லுங்கோ, இட்ஸ் நொட் எ பிக் டீல்" என்றாள் மகள் துர்க்கா.

குணவதி மூன்று கிழமை "நாளைக்குச் சொல்லுறன்" என்றாள். ஒவ்வொரு காலையும் கதிரையைப் போட்டு மலைக்கு முன்னால் இருந்தாள். போகச் சொன்னால் மலை போய்விடும், அதற்குப் பிறகு தன்னை யாரும் எங்கேயும் நான்கு மணித்தியாலம் இருக்க விடப்போவதில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மலையை அனுப்ப ஒக்ரோபர் முதல் சனிக்கிழமையை எல்லோரும் கூடி நாள் வைத்துவிட்டார்கள். அன்று அருள்நாயகம் வந்தார், மெலிசா கோப்புடன் வந்தாள், மரியோ வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். இராஜரட்ணம் பிக்கப்பின் திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். குணவதி மலைக்கு முன்னால் போய் நின்றாள். அவள் வாயைத் திறக்க முன்னமே மலைக்கு விளங்கிவிட்டது. மானமுள்ள விருந்தாளி வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தே எழும்புவார். உச்சியில் பனி கொஞ்சம் சரிந்தது, மலை தன் அடியைக் கூட்டிக்கொண்டு ஒரு சாண் உயரம் எழும்பியது. அதன் கீழால் வந்த வெளிச்சம் மரியோவின் கடைசித் தக்காளிகளில் பட்டது. மரியோ சிலுவை போட்டுக்கொண்டார். இராஜரட்ணத்தின் முகம் மலர்ந்தது.

இவ்வளவு தூரம் நடந்து வந்த ஒன்றை, ஒரு பிக்கப்புக்காக எழுப்பி அனுப்புகிறார்களே என்று குணவதிக்குக் கோபம் வந்தது. தன் வாழ்க்கையில் சத்தமாகப் பேசியிராத அவள் அன்று தெருவுக்கே கேட்கப் பேசினாள்.

"ஆர் உங்களை எழும்பச் சொன்னது? இருங்கோ!"

மலை அந்தரத்தில் தயங்கி நின்றது. அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நியூஃபவுண்ட்லாந்துக்குப் போறதெண்டால் நீங்கள் பஸ்ஸில போங்கோ. எனக்கு இன்னும் பாத்து முடியேல்லை."

மலை திரும்பவும் கீழே இருந்தது. அது இருந்த அதிர்வில் தெருவில் எல்லா யன்னலும் ஒருதரம் கிலுங்கியது. அருள்நாயகம் வேறு வேலை இருப்பதாகச் சொல்லி ஒஷாவாவுக்குப் போனார். மெலிசா கோப்பைத் திறந்து, 'எவ்வளவு காலம்' என்ற இடத்தில் ஒன்றும் எழுதாமல் கையெழுத்து வைத்தாள்.

இப்போது அந்தத் தெரு வளைவில் திரும்புகிற பஸ் சாரதிகளும் மலையைக் கண்டு வேகத்தைக் குறைப்பதில்லை. மரியோ தக்காளியைத் தெற்குப் பக்கம் மாற்றிவிட்டார். அந்த வருடம் தெருவில் முதற்பனி அந்த வீட்டில் மட்டும், மலை உச்சியிலிருந்து சரிந்து விழுந்தது. இராஜரட்ணம் ஒரு மாதம் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். நவம்பரில் ஒரு ஞாயிறு, வேறு செய்ய ஒன்றும் இல்லாமல், அவரும் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு, இன்னொரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"எத்தினை மணிக்கு உள்ளுக்கு வருவீர்?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றாள் குணவதி.

அவர் கதிரையை விரித்து, அவளுக்குப் பக்கத்தில் போட்டு, இருந்தார்.