இறுகாத அடித்தளம்

தினமும் காலை ஆறு மணிக்கு எழுந்து, பல் துலக்கி, ஒரு டம்ளர் டீயை நின்றபடியே குடித்துவிட்டு, சைட் இன்ஜினியர் ஏணி வழியாகப் பள்ளத்துக்குள் இறங்குவான். பதினொரு மாதங்களுக்கு முன் ஊற்றிய கான்கிரீட்டில் கட்டைவிரலை அழுத்துவான். விரல் உள்ளே போகும். கையைக் கழுவி, பதிவேட்டில் 'இறுகவில்லை' என்று எழுதிவிட்டு மற்ற வேலைகளைப் பார்ப்பான்.

அது முப்பத்தெட்டு மாடிக் கட்டடத்துக்கான அடித்தளம். மண் பரிசோதனைக்கு ஆறு மாதம், வரைபடத்துக்கு ஒரு வருடம், பள்ளம் தோண்ட ஒரு மழைக்காலம் என்று பார்த்துப் பார்த்துச் செய்த வேலை. சிமெண்டில் குறையில்லை. நிபுணர்கள் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் தண்ணீரைக் குற்றம் சொன்னார், இன்னொருவர் மணலை. மூன்றாமவர் முழங்கால்வரை இறங்கிப் பார்த்துவிட்டு ஒற்றை ஷூவோடு ஊர் திரும்பினார். "கல்லும் கரையும்னு சொல்வாங்க சார். இங்க கரைச்சது கல்லாக மாட்டேங்குது" என்றார் மேஸ்திரி. கடைசியில் கம்பெனி கட்டடத்தை அறுபதடி வடக்கே தள்ளி வரைந்தது. வரைபடத்தில் பழைய பள்ளத்தின் மேல் 'ஈரம்' என்று குறித்தார்கள். கார் நிறுத்துமிடம் அதைச் சுற்றி வளைந்து போனது.

அந்தக் கான்கிரீட்டை ஊற்றிய நாளில் அவன் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தாள். மூன்று நாள் காய்ச்சல். பயப்பட ஒன்றுமில்லை என்றிருந்தார் டாக்டர். பதினொரு மணிக்கு அவள் போனில் கூப்பிட்டாள். அடித்தளத்தைப் பாதியில் நிறுத்த முடியாது. நிறுத்தினால் பழையதும் புதியதும் ஒட்டாமல் நடுவே கோடு விழும். அந்தக் கோட்டின் மேல் முப்பத்தெட்டு மாடி நிற்காது. அவன் அங்கேயே இருந்துவிட்டான். நாலு மணிக்கு வேலை முடிந்தது. அவள் உயிர் இரண்டு மணிக்கே போய்விட்டிருந்தது. மேஸ்திரியிடம் விட்டுவிட்டுப் போயிருக்கலாம் என்பது பிறகுதான் உறைத்தது.

"கடைசியா என்ன சொன்னா?" என்று மாமியார் கேட்டபோது, "சீக்கிரம் வாங்கன்னா. நான்தான் போகல" என்றான். அதோடு அவர் அவனிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். உண்மையைச் சுமப்பதைவிடப் பழியைச் சுமப்பது அவனுக்கு லேசாக இருந்தது.

பதினோராம் மாதம் மாமியார் சைட்டுக்கே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் இறங்கி, தன் விரலையும் அழுத்திப் பார்த்தார்.

"என் பொண்ணு யாரையும் அவசரப்படுத்தினதே இல்ல, மாப்பிள்ளை. சினிமாவுக்கே இடைவேளையிலதான் போய்ச் சேருவா. நெஜமா என்ன சொன்னா?"

அவன் சொன்னான்.

மாமியார் விரலைத் துடைக்கவில்லை. "அப்போ இது இப்போதைக்கு இறுகாது" என்றார். பள்ளத்தின் விளிம்பில் நின்ற மேஸ்திரியும் ஆமோதித்தார். பதிவேடு அன்றோடு மூடப்பட்டது. காலையில் விரலை அழுத்துவதை மட்டும் அவன் விடவில்லை.

அவள் சொன்னது இதுதான்: "பாதியில விட்டா கோடு விழும்னு சொல்வீங்களே. ஊத்தி முடிச்சிட்டே வாங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."