சீப்போடு ஒரு படம்

"அசையாதம்மா" என்று தானியேல் சார் மறுபடியும் சொன்னார். குடிசைக்குள் வெளிச்சம் போதவில்லையாம். கேமராவை மூன்று கால் ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தார். அவர் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் நேரம் முழுக்க நான் மூச்சுகூடப் பெரிதாக விடக்கூடாது. அசைந்தால் படம் கலங்கிவிடும்.

அவர் மெட்ராஸ் பத்திரிகைக்காரர். கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகளுக்கு நிலம் அளந்துகொண்டிருந்த அந்த வருஷம், ஏழைகளைப் படமெடுக்கப் பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருந்த எங்கள் குப்பத்துக்கு வந்தார். படத்தைப் பார்த்து யாராவது என்னைப் படிக்க வைப்பார்கள் என்றார். நான் எட்டாவதோடு நின்றவள். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் பாயில் போய் உட்கார்ந்தேன். அம்மா எண்ணெய் வைத்துப் பின்னி, கனகாம்பரம் சூட்டிவிட்டிருந்தாள். அவர் பூவை எடுத்துவிட்டு, பின்னலை அவிழ்த்துக் கலைத்துவிட்டார். "கண்ணைக் கீழ போடு. எல்லாம் போயிட்ட மாதிரி இரு." என் தலைக்கு மேலே சுவரில் அப்பா படம் தொங்கியது. அதுவும் என்னோடு சேர்ந்து படத்தில் விழ வேண்டுமாம்.

எங்கள் குப்பத்தில் யாராவது செத்தால்தான் கேமரா வரும். அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, சரியாமல் இருக்க மார்போடு துண்டால் கட்டி, மாலை போட்டிருந்தார்கள். படமெடுக்க வந்த சிராஜ் பாய் பழக்கதோஷத்தில் அப்பாவிடமும் "அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அழுதுகொண்டிருந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்த அம்மா சிரிக்கவில்லை.

"இன்னா சார், உசுரோட கீற பொண்ணு. பொணத்த ஒக்கார வச்ச மாரி வச்சிக்கினு கீற."

"கொஞ்ச நேரம்மா. அவ நல்லதுக்குத்தான்."

"நல்லதுக்குன்னா பூவ எதுக்குப் புடுங்குன?"

அவர் "ரோல்ல இதுதான் கடைசிப் படம்" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் குனிந்தார்.

வெளியாட்கள் முன்னால் எனக்கு வாய் வராது. பொத்தான் அழுந்தும் சத்தம் கேட்டது. பாயோரம் கிடந்த சீப்பை எடுத்துத் தலை வாரத் தொடங்கினேன். மெதுவாக, உச்சியிலிருந்து நுனிவரை. பள்ளிக்கூடம் கைவிட்டுப் போய்விட்டது என்று தெரிந்தது. கை நிற்கவில்லை.

"கெடுத்துட்டியேம்மா."

"கன்னிமா சிக்கு எடுக்குறா சார். நீ கலச்ச தலதானே" என்றாள் அம்மா.

தை மாதம் அந்தப் படம் தபாலில் வந்தது. அவர்தான் அனுப்பியிருந்தார். கூட ஒரு வரிகூட எழுதவில்லை. பானை, பாய், சுவரில் மாலையோடு அப்பா, எல்லாம் துல்லியமாக விழுந்திருந்தன. நான் உட்கார்ந்த இடத்தில் மட்டும் புகை சுழன்ற மாதிரி இருந்தது. அதில் கை எது, கூந்தல் எது என்று பிரிக்க முடியவில்லை.

அம்மா அதை அப்பா பக்கத்தில் மாட்டவில்லை. வாசல் தட்டியில் ஒரு முள்ளால் குத்தி வைத்தாள். ஏரிக்காற்று வரும்போதெல்லாம் அது படபடவென்று அடித்துக்கொண்டது.