தலைவர் என்ன நினைக்கிறார்?

தொலைக்காட்சி விவாதத்தில் கருத்துச் சொல்ல வருகிற அந்த மனிதரின் முகம் தெரியும்போதெல்லாம் கீழே ஒரு பட்டையில் ‘நடுநிலையாளர்’ என்று எழுத்து வரும். ஒரே பக்கமாகச் சாய்ந்து பேசுகிறவருக்கு இந்தப் பட்டத்தை யார் கொடுத்தது என்று கேட்காதீர்கள். முதல் நாள் அவரைக் கொண்டுவந்து உட்காரவைத்தபோது வேறு பட்டை எதுவும் தயாராக இல்லை, அவ்வளவுதான். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. மேக்கப் போடும் பெண்ணிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் ‘நடுநிலை சார்’.

அதற்கு முன்னால் கல்லூரியில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தார். வகுப்பில் பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் வரவே மாட்டார்கள். இப்போது அவர் வாயைத் திறந்தால் ஊரே கேட்கிறது. கடைக்குப் போனால் ஆள்கள் கைகுலுக்குகிறார்கள். மனிதனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

சொந்தக் கருத்து வேண்டுமே என்பீர்கள். அதற்கும் ஏற்பாடு இருந்தது. தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, நாட்டை ஆளும் தலைவரின் உதவியாளர் போன் செய்வார். “சார், இன்னைக்கு வெயில்” என்றால், எதிர்ப்பவர்களை வறுத்தெடுக்க வேண்டும். “மழை” என்றால், தலைவரின் தாயுள்ளத்தைப் பற்றிக் குரல் தழுதழுக்கப் பேச வேண்டும். “மேகமூட்டம்” என்றால், இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று பூசி மெழுகிவிட்டு விளம்பர இடைவேளைக்காகக் காத்திருக்க வேண்டும். நாட்டு நிர்வாகம் இந்த மூன்று சொல்லில் அடங்கிவிட்டது. மற்றதெல்லாம் அலங்காரம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த ஏற்பாடு தலைவருக்கே தெரியாது. யார் பக்கமும் சாயாத ஒரு மனிதர் தினமும் தானாகவே தன் கருத்துக்கு வந்து சேருகிறாரே என்று தலைவர் உண்மையிலேயே பூரித்துப்போவார். நடுநிலையாளரின் நடுநிலையை அந்த நாட்டில் மனப்பூர்வமாக நம்பிய ஒரே ஆள் அவர்தான்.

நடுநிலையாளரின் மனைவி அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் நர்ஸ். ஒப்பந்த நர்ஸ். கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தவள், இன்னும் வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறாள். அவளும் அவளைப் போன்றவர்களும் பணி நிரந்தரம் கேட்டு மருத்துவமனை வாசலில் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். அன்று காலை அவள் புடவைக்கு ஊசி குத்திக்கொண்டே கேட்டாள்.

“இன்னைக்கு உங்க டிவியில எங்களப் பத்திதான் பேசப்போறாங்களாமே?”

“ஆமா. நேத்தே சொல்லிட்டாங்க.”

“எங்களுக்காகப் பேசுங்கன்னு கேக்கல. அந்தப் பேராசை எல்லாம் எனக்குக் கிடையாது. எதிராப் பேசாம இருந்தீங்கன்னா போதும். தலைவர் இன்னும் முடிவு பண்ணலையாம், பாதி மனசா இருக்காராம். சங்கத்துல விசாரிச்சுட்டாங்க. இந்த நேரத்துல யாரும் தூபம் போடாம இருந்தா நிரந்தரம் பண்ணிடுவாருங்க.”

“நான் எதுக்கு எதிராப் பேசப்போறேன்?”

“போன் வந்தா பேசுவீங்க” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வந்தால் ஏறுவீர்கள் என்பதுபோல் சொன்னாள்.

அவருக்குச் சுருக்கென்றது. மனைவி மேல் அவருக்கு உண்மையாகவே பிரியம் உண்டு. இன்றைக்கு மட்டும் மழையாக இருக்க வேண்டும், மேகமூட்டமாக இருந்தால்கூடச் சமாளித்துக்கொள்ளலாம் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டார். வெயிலாக இருந்தால் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிடுவதாகவும் முடிவு செய்தார். அந்தத் தைரியமாவது வந்ததே என்று நாம் சந்தோஷப்பட வேண்டும்.

மத்தியானம் போன் வரவில்லை.

சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தார். போன் வரவில்லை. சட்டையைத் தேய்த்தார். வரவில்லை. அவரே அழைத்தார். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் குரல் சொன்னது. ஸ்டூடியோவிலிருந்து கார் வந்து வாசலில் நின்று ஹாரன் அடித்தபோது அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கருத்தில்லாமல் எப்படி வீட்டை விட்டுக் கிளம்புவது? சட்டை இல்லாமல் கிளம்புவதுபோல் இருந்தது.

போன் வரவில்லை என்றால் வாயை மூடிக்கொண்டிருக்கலாமே, மனைவி கேட்டதும் அவ்வளவுதானே என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றுகிறது. அவருக்குத் தோன்றவில்லை. யாரும் ஒன்றும் சொல்லாத நாளில் மனிதன் தன் மனசில் உள்ளதைப் பேசலாம் என்பதை அவர் எப்போதோ மறந்துவிட்டார். தலைவர் என்ன நினைக்கிறார் என்று கண்டுபிடித்தாக வேண்டும், அது ஒன்றுதான் அவர் தலைக்குள் ஓடியது. மேக்கப் அறையில் மத்தியானச் செய்தியை மறுபடி ஓட்டினார்கள். தலைவர் காரிலிருந்து இறங்கினார். நிருபர்கள் நர்ஸ்களைப் பற்றிக் கேட்டார்கள். தலைவர் முகத்தைச் சுளித்து, கையை உதறிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சந்தேகமே இல்லை. வெயில். கொளுத்துகிற வெயில்.

மனைவி சொன்னது ஒரு கணம் ஞாபகம் வந்தது. ஆனால் தலைவர் கோபமாக இருக்கும் நாளில் தான் மட்டும் மழை பெய்துகொண்டிருந்தால் என்ன ஆகும் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அடுத்த வாரம் அந்த நாற்காலியில் வேறொரு நடுநிலையாளர் உட்கார்ந்திருப்பார். எப்படியும் தலைவர் முடிவு செய்துவிட்டார், நான் பேசியா மாறப்போகிறது என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டார். பயந்தவனுக்கு இந்தச் சமாதானம் மட்டும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

விவாதம் ஆரம்பித்தது. நெறியாளர் முதல் கேள்வியையே அவரிடம் போட்டார். “சார், தலைவர் என்ன செய்யணும்?”

“தலைவர் மென்மையானவர்தான். ஆனா மென்மைக்கும் ஒரு அளவு இருக்கு” என்று விரலை உயர்த்தினார் நடுநிலையாளர். “வேலைக்கு வராம வாசல்ல உக்காந்திருக்கறவங்கள வீட்டுக்கு அனுப்பறதத் தவிர வேற வழியே இல்ல. மக்கள் இதத்தான் எதிர்பார்க்கறாங்க.”

எதிரே இருந்த ஓய்வுபெற்ற டாக்டர் பதறிப்போனார். “அனுப்பிட்டா நோயாளிங்கள யாருங்க பாக்கறது?”

“ஆளா கிடைக்காது? வேலை கேட்டு வெளியில எத்தன பேர் நிக்கறாங்க! நர்ஸ் வேலை என்ன யாருக்கும் வராத வித்தையா?”

சொல்லிவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொண்டார்.

விளம்பர இடைவேளையில் போன் துடித்தது. உதவியாளர்தான்.

“சார், பின்னிட்டீங்க! நான் போன் பண்ணவே முடியல. உள்ள கூட்டம், எல்லார் போனையும் வெளியில வாங்கி வெச்சுட்டாங்க. நிரந்தரம் பண்ணலாமா வேணாமான்னு தலைவருக்கு ஒரே குழப்பம். கடைசியில, டிவியப் போடுங்க, நம்ம நடுநிலை என்ன சொல்றார்னு பாப்போம், ஜனங்க நாடி அவருக்குத்தான் தெரியும்னுட்டார். நீங்க சொன்னதக் கேட்டதும், அப்பாடா, தெளிவு கிடைச்சுதுன்னு எழுந்துட்டார். உத்தரவு டைப் ஆயிட்டிருக்கு.”

நடுநிலையாளர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “முடிவே பண்ணலையா? மத்தியானம் கார்லேர்ந்து இறங்கும்போது முகத்த அப்படிச் சுளிச்சாரே?”

“அதுவா? கடைவாய்ப் பல்லு சார். ரெண்டு நாளா வீங்கிக் கிடக்கு.”

இரண்டாம் பாதியில் அவர் பெய்த மழையை அந்தச் சேனல் அதுவரை கண்டதில்லை. நர்ஸ்கள் தெய்வங்கள் என்றார். தலைவருக்குத் தாயுள்ளம் என்றார். ஒருவரைக்கூட நீக்க மாட்டார் என்று மேசையைத் தட்டினார். நெறியாளர் குழம்பிப்போய், “சார், இப்பதானே நீங்களே வீட்டுக்கு அனுப்பச் சொன்னீங்க?” என்றார். நடுநிலையாளரின் முகத்துக்குக் கீழேயே ‘தலைவர் அதிரடி: ஒப்பந்த நர்ஸ்கள் நீக்கம்’ என்று சிவப்பு எழுத்து ஓட ஆரம்பித்திருந்தது. தலைவரோ பல் டாக்டரிடம் போய்விட்டிருந்தார். நாடி பார்த்தாயிற்று, இனி எதற்கு டிவி?

அவர் வீடு திரும்பியபோது மனைவி கூடத்தில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. அவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டாள்.

“சொல்லச் சொன்னாங்களா?”

அவர் மென்று விழுங்கினார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலை மட்டும் லேசாக அசைந்தது. அது எந்தப் பக்கம் அசைந்தது என்பதை அவள் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்.

“எனக்குத் தெரியும்” என்றாள். “வாசல்ல எல்லாரும் செல்போன்ல பாத்துட்டு என்னையே பாத்தாங்க. பூமிக்குள்ள போயிடலாம் போல இருந்துச்சு. அப்புறம் நெனச்சேன், அவங்க சொல்லாம அந்த மனுஷன் வாயிலேர்ந்து அப்படி ஒரு வார்த்தை வராதுன்னு. பொழப்புக்காகச் சொல்றது வேற, மனசாரச் சொல்றது வேற இல்லையா?”

“ம்.”

“நாளைக்கு உங்க சேனல்ல எங்க பக்கம் ஒருத்தரக் கூப்பிட்டிருக்காங்க. சங்கத்துல என்னத்தான் போகச் சொல்றாங்க. நான் வருவேன். எல்லார் முன்னாடியும் உங்களக் கேப்பேன். உள்ளதச் சொல்லிடுங்க. மக்கள் கருத்தக் கேட்டுத்தான் இந்த உத்தரவுன்னு நியூஸ்ல சொன்னாங்க. அந்தக் கருத்தே அவங்க ஆள் சொல்லிக்கொடுத்ததுன்னு தெரிஞ்சா வாபஸ் வாங்கித்தான் ஆகணும். உங்களுக்கு அந்த நாற்காலி போயிடும். போனா போகட்டுங்க. நான் வேலைக்குப் போறேன், நீங்க மறுபடியும் பாடம் எடுங்க. நாம என்ன பட்டினியா கிடக்கப்போறோம்?”

அவள் எழுந்து போய் அவருக்குத் தட்டு வைத்தாள். வேலை போன அன்றைக்கும் அவருக்குத் தட்டு வைத்தாள். அவர் சாப்பிட்டார். இந்த இடத்தில் அவரைப் பிடித்து நாலு உலுக்கு உலுக்கலாம் போல எனக்கு ஆத்திரம் வருகிறது. அப்போதே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறுநாள் மாலை கணவனும் மனைவியும் ஒரே மேசையின் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவள் முகத்துக்குக் கீழே ‘பாதிக்கப்பட்டவர்’ என்று பட்டை வந்தது. அவருக்குக் கீழே வழக்கமான பட்டை. இருவருக்கும் என்ன உறவு என்று சேனலில் யாருக்கும் தெரியாது. மத்தியானமே போன் வந்துவிட்டது, வெயில்தான். நெறியாளர் நலம் விசாரித்து முடிப்பதற்குள் அவள் நேராக அவரைப் பார்த்தாள்.

“சார், ஒரே ஒரு கேள்விதான். நேத்து எங்கள வீட்டுக்கு அனுப்பணும்னு சொன்னீங்களே, அத உங்கள யாராவது சொல்லச் சொன்னாங்களா? இல்ல, நீங்களாச் சொன்னீங்களா?”

அவள் கண்ணில் தைரியம் சொல்லும் ஒரு பார்வை இருந்தது. சொல்லுங்க, நான் இருக்கேன் என்பது அதன் அர்த்தம்.

சொல்லச் சொன்னார்கள் என்று அவர் சொல்லியிருந்தால் நேற்றைப் பொறுத்தவரை அது பொய். மற்ற எல்லா நாளையும் பொறுத்தவரை சத்தியம். அந்த ஒரு வாக்கியத்தில் அவள் வேலையும் அவர் மானமும் திரும்பி வந்திருக்கும். ஆனால் நாற்காலி போய்விடும். உதவியாளர் பார்த்துக்கொண்டிருப்பார். தலைவரும் பார்த்துக்கொண்டிருப்பார், முதல் பாதிதானே. நடுநிலையாளர் விரலை உயர்த்தவில்லை, மேசையைத் தட்டவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகத் தொலைக்காட்சியில் உண்மை பேசினார்.

“யாரும் சொல்லலை. நானாத்தான் சொன்னேன்.”

நாட்டில் ஒருவரும் நம்பவில்லை. எப்படி வாய் கூசாமல் சப்பைக்கட்டு கட்டுகிறான் பார் என்று வீட்டுக்கு வீடு திட்டினார்கள். ஓய்வுபெற்ற டாக்டர் நமட்டுச் சிரிப்புச் சிரித்தார். தலைவரை விட்டால், நம்பியது அவர் மனைவி மட்டும்தான். பொய் சொல்லும்போது அவர் குரல் எப்படிக் கணீரென்று இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இந்தக் குரல் அது இல்லை.

இடைவேளையில் போன் வந்தது. “சார், விசுவாசம்னா இதுதான் சார்! எல்லாப் பழியையும் உங்க தலையில போட்டுக்கிட்டீங்களே! தலைவர் உருகிட்டார். நலவாரியத் தலைவர் பதவி உங்களுக்குத்தான்னுட்டார். வேலை போன நர்ஸுங்களுக்குன்னு புதுசா ஒரு நலவாரியம் வரப்போகுது சார், அதுக்கு!”

போனைக் கையில் பிடித்தபடியே அவர் வெளியே ஓடினார். அவள் புடவையில் குத்தியிருந்த மைக்கைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அதற்குள் படிக்கட்டுக்கு வந்திருந்தாள். அவர் கூப்பிட்டதும் நின்றாள்.

“சொல்லச் சொன்னாங்கன்னா பொழப்புன்னு விட்டிருப்பேன்” என்றாள். “யாருமே சொல்லாம எப்படிங்க சொன்னீங்க?”

அவர் கையிலிருந்த போனைப் பார்த்தார். என்ன சொல்வதென்று சொல்லித்தர ஒருவரும் அழைக்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.