கிழியாத வெள்ளித்தாள்

சனிக்கிழமை காலை நடீன் அடுப்பில் பன்றிக்கறித் துண்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் வென்டெல் கேரேஜில் இருந்தான். அவன் இருக்கும் இடத்தில் ரேடியோவோ வசவோ ஏதாவது ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கும். இன்று இரண்டும் இல்லை.

கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். வீட்டிலேயே தோட்டா தயாரிக்கும் மேசைக்கு முன்னால் அவன் ஒரு வெடிமருந்து டப்பாவைப் பிடித்தபடி நின்றான்.

"கறி ஆறுது. அந்த டப்பாவுக்கும் ஒரு தட்டு வைக்கட்டுமா?"

அவன் சிரிக்கவில்லை. "ஷெல்பி கிளம்பிட்டாளா?"

"அப்பவே போயிட்டா. ட்ராவிஸோட ஜல்லிக் குழிக்கு, சுட்டுப் பழக. ஏன்?"

ஷெல்பி அவர்களுடைய ஒரே மகள். ஊரில் முடி வெட்டும் கடையில் வேலை. ட்ராவிஸ் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். அடுத்த வாரம் இருவரும் மலைக்கு வேட்டைக்குப் போகிறார்கள். கரடி எதிர்ப்பட்டால் உதவும் என்று வென்டெல் தன் ரிவால்வரை அவளுக்குக் கொடுத்திருந்தான். தோட்டாவும் தன் கையாலேயே மருந்து நிரப்பிச் செய்து கொடுத்தான். கடைத் தோட்டா வாங்குகிறவனை அவன் ஆளாகவே மதிப்பதில்லை.

"இதைப் பாரு," என்று டப்பாவை நீட்டினான்.

மூடியைத் திருகி எடுத்திருந்தான். டப்பாவின் வாயில் வெள்ளித்தாள் ஒட்டியிருந்தது, கடையிலிருந்து வந்தபடியே, ஒரு கீறலும் இல்லாமல்.

"வியாழக்கிழமை இதுலேர்ந்துதான் அவளுக்குப் போட்டேன்."

"இதைத் திறக்கவே இல்லையே."

"அதான்."

அவளுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. இத்தனை வருஷம் அந்த மேசையைத் துடைத்தவள். மெதுவாக எரிகிற மருந்து ரிவால்வருக்கு. தோட்டாக் கூடு நிறையப் போட வேண்டும். சட்டென்று எரிகிற மருந்து அவனுடைய சின்னப் பிஸ்டலுக்கு, சிட்டிகை போதும். வேலை முடிந்ததும், மருந்தை அளந்து கொட்டும் குடுவையில் மிஞ்சியதை அதனதன் டப்பாவில் திரும்பக் கொட்டிவிட வேண்டும். இது அவன் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் ஓதுகிற சட்டம். போன வாரம் பிஸ்டலுக்குப் போட்டுவிட்டு அவனே குடுவையைக் காலி செய்யாமல் விட்டிருந்தான். வியாழக்கிழமை புது டப்பாவை மேசையில் வைத்தான். டிவியில் ஃபுட்பால். குடுவை நிறைந்திருந்தது. புது டப்பாவிலிருந்து தான்தான் நிரப்பியதாக நினைத்துக் குடுவையின் கைப்பிடியை இழுக்கத் தொடங்கிவிட்டான். சிட்டிகை போட வேண்டிய மருந்து கூடு நிறைய விழுந்தது.

"எடை பாக்கலையா?"

"பாத்தேன். எடை சரியாத்தான் இருந்துச்சு." அவன் குரல் இறங்கியது. "என்ன மருந்துன்னு தராசு சொல்லாதே."

நடீன் அடுப்பை அணைத்தாள். ஷெல்பியின் போன் அடிக்கவே இல்லை. ஜல்லிக் குழியில் யாருக்கும் சிக்னல் கிடைத்ததில்லை.

வண்டியை அவள் ஓட்டினாள். வென்டெல் பக்கத்தில் உட்கார்ந்து, சாலையைப் பார்த்தே பேசினான்.

"கொஞ்சம் பலமா உதைக்கும். அவ்வளவுதான் இருக்கும்."

"அவ்வளவுதானா?"

அவன் ஷெல்பியின் எண்ணை மறுபடி அழுத்தினான்.

"எனக்குச் சமாதானம் சொல்லாத, வென்டெல். எனக்குத் தெரிஞ்சதைவிட உனக்கு அதிகம் தெரியும்."

தார்ச்சாலை முடிந்து மண்பாதை வந்ததும் வெடிச்சத்தம் கேட்டது. ஒன்று, சற்று விட்டு இன்னொன்று. அவள் வேகத்தைக் கூட்டினாள்.

"ரைஃபிள்," என்றான் வென்டெல். "ட்ராவிஸோடது. அவ இன்னும் ரிவால்வரைத் தொடல."

நடீன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பைன் மரங்களுக்கு நடுவே அது வழியெல்லாம் அலறியது. ஆனால் சுடுகிறவர்கள் காதை அடைத்துக்கொண்டுதான் சுடுவார்கள். வென்டெல் கற்றுக்கொடுத்த பிள்ளை காதடைப்பான் இல்லாமல் துப்பாக்கியைத் தொடவே மாட்டாள்.

கடைசி வளைவில் இன்னொரு சத்தம் வந்தது. அது ரைஃபிள் இல்லை. அவர்கள் கேட்டுப் பழகிய ரிவால்வர் சத்தமும் இல்லை. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

ஷெல்பி பிக்கப்பின் பின்பலகையில் உட்கார்ந்திருந்தாள். ட்ராவிஸ் தன் சட்டையைக் கழற்றி அவள் வலது கையில் சுற்றி, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தான். சட்டை முழுக்க நனைந்துவிட்டது. அவள் கன்னத்தில் கரும்புள்ளிகள் அப்பியிருந்தன. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. தரையில் ரிவால்வர் கிடந்தது. மேல்பட்டை பிய்ந்து, தோட்டா போடும் உருளையில் பாதியைக் காணோம்.

"கட்டைவிரல் இல்ல," என்றான் ட்ராவிஸ், மிக மெதுவாக, அவள் காதில் விழக்கூடாது என்பதுபோல.

அவள் காது அப்போதைக்கு எதையும் கேட்கிற நிலையில் இல்லை. அப்பாவைப் பார்த்ததும் தேவைக்கு மேல் சத்தமாகப் பேசினாள்.

"அப்பா, நீ சொன்ன மாதிரிதான் பிடிச்சேன். நான் எங்க தப்புப் பண்ணேன்?"

வென்டெல் அவள் முன்னால் மண்டியிட்டான். "பழைய துப்பாக்கிம்மா," என்றான். "இரும்புல எங்கயாவது விரிசல்..."

நடீன் மகளின் முகத்தைத் திருப்பி, அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"நீ ஒண்ணும் பண்ணல. அப்பா மருந்தை மாத்திப் போட்டுட்டார்."

ஷெல்பி அப்பாவைப் பார்த்தாள். அழவில்லை, திட்டவும் இல்லை. இல்லை என்று சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் சொல்லவில்லை. அவள் நல்ல கையை ட்ராவிஸின் கழுத்தில் போட்டு இறங்கினாள்.

நடீனின் வண்டியில் ட்ராவிஸோடு அவளை ஏற்றினார்கள். சிக்னல் கிடைக்கிற மேட்டில் போய் ஆஸ்பத்திரி ஹெலிகாப்டருக்குச் சொல்ல வேண்டும். வென்டெல் முன்கதவைத் திறக்கப் போனான்.

"மிச்சத் தோட்டா எங்க?" என்று கேட்டாள் நடீன்.

அவன் திரும்பிப் பார்த்தான். பெட்டி கவிழ்ந்து, தோட்டாக்கள் ஜல்லி முழுக்கச் சிதறிக் கிடந்தன. மத்தியானம் ஊர்ப் பையன்கள் சுட வருகிற இடம்.

"ஒண்ணு விடாம பொறுக்கு," என்று சொல்லிவிட்டு அவள் வண்டியை எடுத்தாள்.

வண்டியின் பின்பார்வைக் கண்ணாடியில் அவன் தெரிந்தான், நாலு காலில், கல்லைப் புரட்டிப் புரட்டித் தேடிக்கொண்டு. வளைவு வரும்வரை அவன் தலை நிமிரவில்லை.