செருப்பில்லாமல் கொழும்பில்

காலிமுகத் திடலில், பகல் பதினொரு மணி வெயிலில், பாண்டியராஜன் வெறுங்காலோடு நடந்தான். நடந்தான் என்பதைவிடக் குதித்தான் என்பதே சரி.

"மாப்ள, ஆட்டம் நல்லாருக்கு. துண்டு விரிச்சுரவா?" என்றான் கர்ணன்.

"வாய மூடிட்டு வாடா."

"விரதக்காரன் பேசுற பேச்சா இது?" என்று முத்துக்குமரன் கேமராவைத் தூக்கினான்.

மூவரும் கம்பத்தில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். பாண்டியராஜனுக்குச் சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம். கர்ணன் போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிறவன். முத்துக்குமரன் தேனியில் வங்கிக் குமாஸ்தா. நாற்பது முடிவதற்குள் ஒருமுறையாவது விமானம் ஏறுவது என்று பேசி, மாசி மாதமே டிக்கெட் எடுத்திருந்தார்கள். திருச்சியிலிருந்து கொழும்பு, வெள்ளி போய் ஞாயிறு திரும்புவது.

டிக்கெட் எடுத்த பிறகுதான் ஊர்க்கூட்டம் கூடி, அம்மன் கோயில் காப்புக் கட்டும் நாளை அந்த வாரத்துக்கு அடுத்த செவ்வாய் என்று முடிவு செய்தது. இந்த வருடம் தீச்சட்டி எடுக்கும் முறை பாண்டியராஜன் வீட்டுக்கு. பதினொரு வீட்டுக்காரர்கள் மாற்றி மாற்றி எடுப்பது வழக்கம். போன முறை வந்தபோது பெரியப்பா இறந்து, அப்பாவால் எடுக்க முடியாமல் போனது. அடுத்த முறைக்காகக் காத்திருந்த அப்பா, அது வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். இதைத் தவறவிட்டால் பாண்டியராஜனுக்கு ஐம்பத்தொரு வயதில்தான் அடுத்தது.

அதனால் பூசாரி வீரணனிடம் கேட்டுக்கொண்டே கிளம்பினான்.

"காப்புக் கட்டின பெறகுதான் வெளியூர்ல ராத் தங்கக் கூடாது. அதுக்கு முன்னால எங்கன வேணா போ" என்றார் வீரணன். "கவிச்சி தொடாத. செருப்புப் போடாத. சாவு விழுந்த கேத வீட்டு வாசல மிதிச்சிராத. மிதிச்சா பதினாறு நாளைக்கு ஆத்தா பக்கம் வரப்படாது."

மூன்றையும் பாண்டியராஜன் ஒழுங்காகக் கடைப்பிடித்தான். சனிக்கிழமை புறக்கோட்டைக் கடைகளைச் சுற்றினார்கள். தண்ணீரில் மிதப்பதுபோல் ஏரிக்குள் நின்ற புத்தர் மண்டபத்தைப் பார்த்தார்கள். நண்பர்கள் இருவரும் இறால் பொரியலைப் பிரித்து மேய்ந்தபோது, இவன் வாழைப்பழமும் தயிரும் சாப்பிட்டான். "இறாலுக்கு ரத்தமே கெடையாதுடா, காய்கறி மாதிரி" என்று கர்ணன் சொல்லிப் பார்த்தான். பலிக்கவில்லை.

லாட்ஜ் மேலாளர் ஒரு விஷயம் சொல்லியிருந்தார். வரும் வியாழக்கிழமை புத்தர் பிறந்தநாளான வெசாக் பண்டிகை. அதற்குத் தெருவெல்லாம் கொடி கட்டி, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் டீயும் சாப்பாடும் கொடுப்பார்களாம்.

ஞாயிறு காலை மிருகக்காட்சி சாலைக்கு நடந்தார்கள். வழியில் ஒரு சந்து முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக வெள்ளைத் தாள் கொடிகள். உள்ளே ஒரு வீட்டு வாசலில் பந்தல், நாற்காலிகள், வெள்ளை உடுப்பில் ஜனங்கள். தட்டில் டீ போய்க்கொண்டிருந்தது.

"இதான்டா அந்தத் திருவிழா. முன்கூட்டியே ஆரம்பிச்சுட்டாக" என்றான் கர்ணன்.

உட்கார்ந்ததுமே டீ வந்தது. பாண்டியராஜன் கோப்பையோடு சிரிக்க, தலைக்கு மேல் கொடிகள் தெரியும்படி முத்துக்குமரன் படம் எடுத்தான். ஜனங்கள் வரிசையாக வீட்டுக்குள் போய்க் கும்பிட்டுவிட்டு வருவதைப் பார்த்து, "சாமி கும்பிட்டு வந்துருவோம்" என்று பாண்டியராஜனே முதலில் எழுந்தான்.

உள்ளே இரண்டு பெரிய யானைத் தந்தங்கள், குத்துவிளக்கு, மலர்கள். சன்னதி என்றே நினைத்தான். கைகூப்பிக்கொண்டு நெருங்கியவன், தந்தங்களுக்கு நடுவே திறந்த பெட்டியில் கோட் போட்ட கிழவர் ஒருவர் படுத்திருப்பதைக் கண்டான். மூக்கில் பஞ்சு.

கூப்பிய கை அப்படியே நின்றுவிட்டது.

பெட்டியின் அருகே இருந்த வெள்ளைச் சேலை அம்மா இவனையே பார்த்தாள். பிறகு இவன் காலைப் பார்த்தாள். எழுந்து வந்து இவன் கைகளைப் பிடித்துக்கொண்டாள். உடைந்த தமிழில், "செருப்பும் போடாம வந்தது. அவருக்கு மரியாதை. நன்றி மகன்" என்றாள். கண்ணிலிருந்து நீர் இறங்கியது.

பாண்டியராஜன் தலையை மட்டும் ஆட்டினான்.

மூவரும் வேகவேகமாகச் சந்து முனையைத் தாண்டினார்கள்.

"மேலுலதான தீட்டு பட்டுச்சு. ஒரு குளி குளிச்சாப் போச்சு" என்றான் முத்துக்குமரன்.

"டீயும் குடிச்சிட்டேன்."

"ஏலே, இங்கன நடந்தது நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும். நாங்க வாயத் தொறக்க மாட்டோம். நீயும் தொறக்காத. முடிஞ்சுது" என்றான் கர்ணன்.

லாட்ஜில் பாண்டியராஜன் மூன்று முறை குளித்தான். மிருகக்காட்சி சாலைக்கு யாரும் போகவில்லை.

திங்கட்கிழமை முத்துக்குமரன் படங்களைச் சுருளிப்பட்டிக்குக் கொண்டுவந்து டிவியில் போட்டுக் காட்டினான். பாண்டியராஜனின் மனைவி ஜக்கம்மா வெள்ளைக் கொடிப் படத்தில் நிறுத்தச் சொன்னாள். "இது எந்தக் கோயிலு? சோடனை அம்சமா இருக்கே."

"புத்தர் கோயில்மா" என்றான் முத்துக்குமரன், பாண்டியராஜன் முகத்தைப் பார்க்காமல்.

"நம்ம கோயிலுக்கும் இதே மாதிரி கட்டச் சொல்லுங்க" என்றாள் ஜக்கம்மா.

செவ்வாய் மாலை கோயில் முன்பு ஊர் கூடியது. பாண்டியராஜன் மஞ்சள் வேட்டியில் ஈரத் தலையோடு நின்றான். வீரணன் மஞ்சள் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு, வழக்கப்படி மூன்று கேள்விகளை உரக்கக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் 'இல்ல சாமி' என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த பதில்.

"வீட்டுல தீட்டு உண்டா?"

"இல்ல சாமி."

"காலுல தீட்டு உண்டா?"

பாண்டியராஜன் குனிந்து காலைப் பார்த்தான். கூட்டத்தில் கர்ணன் உதட்டைக் கடித்தான்.

"உண்டு சாமி."

மேளக்காரர் கை நின்றது.

"எங்கன மிதிச்ச?"

"கொழும்புல. கேத வீடு."

"யாரு எறந்தாக?"

"பேரு தெரியாது."

"பேரே தெரியாத வீட்டுக்கு எதுக்குடா போன?"

"டீ குடுக்காகன்னு போனோம்."

கூட்டம் சிரித்தது. வீரணனும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "ஏலே, சொந்தமில்ல, பந்தமில்ல. கடலுக்கு அங்கிட்டு நடந்தது. தெரியாம மிதிச்சது கணக்குல இல்லன்னு நானே சொல்லிருதேன். நீ இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லு, கயித்தக் கட்டிருவோம்."

ஜக்கம்மா முன்வரிசையில் நின்று, சொல்லுங்க என்று கண்ணால் கெஞ்சினாள்.

"அந்தம்மா என் கையப் புடிச்சுட்டு, செருப்பில்லாம வந்ததுக்கு நன்றின்னு அழுதாக" என்றான் பாண்டியராஜன். "நான் அங்க போகவே இல்லன்னு இங்க வந்து எப்படிச் சொல்ல?"

வீரணன் அதற்குமேல் கேட்கவில்லை. அடுத்த முறைக்காரர் அம்மாவாசியை அழைத்தார். அவர் அவசரமாகச் சட்டையைக் கழற்றிக்கொண்டு குளிக்க ஓடினார். விரதமே இல்லாமல் எப்படி என்று ஒருவர் கேட்க, இன்றிலிருந்து இருக்கட்டும் என்று பெரியவர்கள் முடித்து வைத்தார்கள். மேளம் மறுபடி ஆரம்பித்தது.

பாண்டியராஜன் கூட்டத்தை விட்டு வெளியே வந்தான். ஜக்கம்மா அவனோடு பேசாமல் வேகமாக வீட்டுக்கு நடந்தாள். கர்ணன் பின்னாலேயே வந்தான்.

"பதினோரு வருசம்டா, கிறுக்குப் பயலே."

"அம்பத்தொண்ணுல என்ன, சட்டி தூக்க முடியாதா?"

"அந்தப் போட்டோவ அழிக்கச் சொல்லவா?"

"வேணாம். இருக்கட்டும்."

வீட்டு வாசலில் பன்னிரண்டு நாளாகத் தூசி படிந்து கிடந்த செருப்பை உதறி மாட்டினான். ஜக்கம்மா உள்ளேயிருந்து சோற்றுத் தட்டைச் சத்தமாக வைத்தாள்.